காவல்துறை மீது இழப்பீட்டு வழக்கு: உரிமையியல் நீதிமன்றமா, ரிட் மனுவா?

தமிழ்நாட்டில் என் மீது போடப்பட்ட பொய்த் திருட்டு வழக்கில், 2020 ஆகஸ்டில் கைதாகி 23 நாள் சிறையில் இருந்துவிட்டுப் பிணையில் வந்தேன். நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக வாய்தாவுக்கு அலைந்த பிறகு, சுமார் எட்டு மாதங்களுக்கு முன் விடுதலையானேன். காலை பத்து மணிக்கு வேலையிடத்திலிருந்து என்னை அழைத்துச் சென்றவர்கள், கைதுக் குறிப்பில் மாலை ஆறரை என்று எழுதியிருந்தார்கள். அந்த எட்டரை மணி நேரத்தைத் தீர்ப்பும் குறிப்பிட்டிருக்கிறது. ஆனால் விடுதலை என்னவோ 'சந்தேகத்தின் பலன்' என்றுதான் எழுதப்பட்டுள்ளது.

காவல் கண்காணிப்பாளருக்கு இரண்டு புகார்கள் அனுப்பியும் பதில் இல்லை. நிலையத்தின் பொது நாட்குறிப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு மறுப்பு வந்தது. மனித உரிமை ஆணையத்தில், சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டதென்று மனுவைத் திருப்பிவிட்டார்கள்.

1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி, சட்டவிரோதக் காவலுக்கு வழக்குப் போடுவதற்கான ஓராண்டுக் கெடு, சிறைவாசம் முடிந்த நாளிலிருந்தே ஓடுவதால் அது எனக்கு எப்போதோ கடந்துவிட்டது. தீய நோக்குடன் வழக்குத் தொடுத்ததற்கான ஓராண்டுக் கெடு, விடுதலை நாளிலிருந்து தொடங்குவதால் இன்னும் நான்கு மாதம் மிச்சமிருக்கிறது. அரசுக்கு எதிரான வழக்கென்பதால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவுப்படி இரண்டு மாத முன்னறிவிப்பும் தர வேண்டும்.

நான் பார்த்த வழக்கறிஞர்களில் ஒருவர் உரிமையியல் வழக்கே சரி என்கிறார்; மற்றவரோ, பொய்யான உளவு வழக்கில் கைதான முன்னாள் இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டதைக் காட்டி, உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் ரிட் மனு (அரசு உரிமைகளை மீறினால் நேரடியாகப் போடும் மனு) போடச் சொல்கிறார்.

சந்தேகத்தின் பலனில் விடுதலையான ஒருவர், கைதுக் குறிப்பில் உள்ள அந்த நேர முரணை வைத்து இழப்பீடு கேட்க, இந்த இரண்டில் எந்த வழி பொருத்தமானது?