அவசரம்: கீபோர்டில் நாலு கட்டை சரியில்லை, வெள்ளிக்கிழமை கொடியேற்றம்

முட்டம் குயில்: எங்கள் கோயில் கீபோர்டில் நாலு கட்டை சரியில்லை. போன ஞாயிறு பூசை வரை நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமை கொடியேற்றம். பாடகர் குழுவுக்கு வேறு கீபோர்டு கிடையாது. நாகர்கோவிலில் கொடுத்தால் பத்து நாள் ஆகுமாம். சீக்கிரம் வழி சொல்லுங்கள்.

தக்கலை வாத்தியார்: நாலு கட்டை என்பது எண்ணிக்கையா, சுருதியா? சுருதி என்றால் மேற்கத்திய முறையில் எஃப் ஸ்வரம். சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தான் தெரியாமல் அழுந்தியிருக்கும், அதை முதலில் பாருங்கள்.

மார்த்தாண்டம் ரிப்பேர்: மொத்தம் எத்தனை கட்டை உள்ள கீபோர்டு? சத்தமே வரவில்லையா, விட்டு விட்டு வருகிறதா? எந்தெந்தக் கட்டை? இதெல்லாம் சொல்லாமல் என்ன பதில் சொல்வது?

குளச்சல் காற்று: உப்புக்காற்றுதான், வேறெதுவும் இல்லை. எங்கள் வீட்டில் மிக்ஸி, ஃபேன், டிவி எல்லாமே அப்படித்தான் போயின. கழற்றி ரப்பரைப் பெட்ரோல் போட்டுத் துடையுங்கள்.

மார்த்தாண்டம் ரிப்பேர்: அண்ணே, பெட்ரோல் மட்டும் வேண்டாம். ரப்பர் உப்பிப் போகும், அப்புறம் நாலு அல்ல, எல்லாக் கட்டையும் போய்விடும். துடைப்பதென்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சு, அவ்வளவுதான். உப்புத்தாளும் போடக் கூடாது, கரிப்பூச்சு உரிந்துவிடும்.

பழைய கை: மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். கேட்பதற்கு முன் கட்டை எப்படி வேலை செய்கிறது என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். கட்டைக்கு அடியில் ரப்பர் குமிழ், அதற்குள் கரிப் பொட்டு இரண்டு. ஒன்று முதலில் அடியிலுள்ள மின்சுற்றுப் பலகையைத் தொடும், மற்றது ஒரு நொடிப்பொழுது தள்ளித் தொடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரத்தை வைத்துத்தான் நீங்கள் மெதுவாக அழுத்தினீர்களா, ஓங்கி அழுத்தினீர்களா என்று கருவி கணக்குப் போடுகிறது. மின்னணு இசைக்கருவிகள் தங்களுக்குள் பேசும் மிடி முறையில் அந்த அளவு 127 வரை போகும். இது தெரிந்தவர் "சரியில்லை" என்று மட்டும் எழுதமாட்டார்.

முட்டம் குயில்: மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். நாலு என்பது எண்ணிக்கைதான். 61 கட்டை. சத்தம் வருகிறது, ஆனால் பூப்போலத் தொட்டாலும் அலறுகிறது. இடப்பக்கமிருந்து முதல் எஃப், அடுத்த சி ஷார்ப், அப்புறம் ஏ, அதற்கு மேல் உள்ள எஃப்.

மார்த்தாண்டம் ரிப்பேர்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால்! கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து எண்ணிப் பாருங்கள். எஃப்பை விட்டு அடுத்ததிலிருந்து எண்ணினால் சி ஷார்ப் 8ஆவது கட்டை. அங்கிருந்து ஏ வரை 8. மறுபடி எஃப் வரை 8. அழுக்கு இப்படி அளந்து உட்காராது. கட்டைக்கு ஒரு கம்பி என்று இழுப்பதில்லை, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி போட்டு, எட்டுக் கட்டைக்கு ஒன்று ஒரே கம்பியில் வரும்படி வைப்பார்கள். அதில் ஒரு கம்பி விட்டிருக்கிறது. முதல் தொடுதல் கருவிக்குத் தெரியவில்லை, இரண்டாவது மட்டும் தெரிகிறது. நேரம் கணக்கிட வழியில்லாமல் முழு வேகம் என்று எடுத்துக்கொள்கிறது.

தக்கலை வாத்தியார்: எங்கள் பள்ளிக் கணினியில் தேநீர் கொட்டியபோது மூன்று எழுத்து சேர்ந்தே போயின. அதுவும் இதுதானா?

மார்த்தாண்டம் ரிப்பேர்: அதேதான் சார். ஒரு வித்தியாசம்: மலிவான கணினி விசைப்பலகையில் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு இருக்காது, சில எழுத்துகளைச் சேர்த்து அழுத்தினால் அழுத்தாத எழுத்தும் விழுந்ததுபோலத் தெரியும். இசைக் கீபோர்டில் கட்டைதோறும் டையோடு உண்டு. இல்லாவிட்டால் கார்டு, அதாவது பல கட்டையைச் சேர்த்து, பிடிக்கவே முடியாது.

குளச்சல் காற்று: ஆர்மோனியம் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. துருத்தியை அமுக்கினால் சத்தம் கூடும், விட்டால் குறையும். கட்டைக்கு வேகமே தெரிய வேண்டாம்.

பழைய கை: உங்கள் உப்புக்காற்றில் ஆர்மோனியத்தில் சத்தம் எழுப்பும் பித்தளை ரீடு மட்டும் பளபளவென்று இருக்குமா? களிம்பு ஏறி சுருதி விலகும். அதைச் சுரண்டிச் சரிசெய்ய ஆள் எங்கே இருக்கிறார்?

குளச்சல் காற்று: எங்கள் கோயிலில் என் அப்பா காலத்து ஆர்மோனியம் இன்றும் பாடுகிறது. வந்து கேட்டுப் பாருங்கள்.

தக்கலை வாத்தியார்: இருவரும் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை வேலை இருக்கிறது.

மார்த்தாண்டம் ரிப்பேர்: குயில், அடாப்டரைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். பல 61 கட்டைக் கருவிகளில் அடிப்பலகை இரண்டு துண்டாக இருக்கும். கெட்டவை எல்லாம் இடப்பாதியில்தான், அந்தத் துண்டில் ஒரு கம்பிக்கு நாலு கட்டை என்றால் கணக்கும் சரியாக வருகிறது. ஆகவே ரப்பரைத் தொடவே வேண்டாம். இரண்டு துண்டையும் இணைக்கும் பட்டைக் கேபிளின் இரு முனையையும் வெளிச்சத்தில் பாருங்கள். கழற்றுமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முட்டம் குயில்: (வியாழன் இரவு) ஒரு முனையில் பச்சையாகக் களிம்பு. பக்கத்துத் தெரு டிவி மெக்கானிக் மாமா சுரண்டிவிட்டு ஈயப்பற்று வைத்தார். நாலும் மெதுவாகப் பேசுகின்றன. ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். நன்றி அண்ணே.