நோவில்லாமல் சலத்தோடு ரத்தம் போனால்

மாமா பரந்தன் பக்கம் வயல் செய்கிறவர். எழுபதை நெருங்கும் வயது, இளமையிலிருந்தே சிகரெட். சிறுபோக நேரம் ஒருநாள் சலம் சிவப்பாகப் போயிருக்கிறது. எரிவும் இல்லை, நோவும் இல்லை. வெயில் சூடு என்று இளநீர் குடித்தார், தானாகவே நின்றுவிட்டது. நின்றபடியால் யாருக்கும் சொல்லவில்லை. மாதங்கள் கழித்து ரத்தம் கட்டியாக வந்தபோதுதான் மாமிக்கே தெரியும்.

வன்னியில் சலத்தில் மாற்றம் என்றால் சனம் நினைப்பது கிட்னியை, இல்லாவிட்டால் கல்லை. சலப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் பெரும்பாலும் இந்த நோவில்லாத ரத்தம்தான். விட்டுவிட்டு வரும். நின்றால் சுகமாகிவிட்டது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

சலப் பரிசோதனையில் கிருமி இல்லை, செங்குருதிக் கலங்கள் மட்டும் நிறைய. ஸ்கானில் ஒரு வளர்ச்சி தெரிந்தது. சின்னக் கட்டிகள் ஸ்கானுக்குத் தப்பலாம். நிச்சயமாகச் சொன்னது யாழ்ப்பாணத்தில் செய்த கமராப் பரிசோதனை. சலவழியால் மெல்லிய குழாயை விட்டுப் பையின் உட்சுவரைப் பார்த்தார்கள். பிறகு மயக்க மருந்து கொடுத்து, கட்டியைச் சுரண்டி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள்.

பையின் உட்சுவர்க் கலங்களில் தொடங்கும் யூரோதீலியல் வகைப் புற்றுநோய் என்று வந்தது. சலப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான். தசைக்குள் இறங்கவில்லை, அதனால் பையை எடுக்க வேண்டி வரவில்லை. காசநோய்த் தடுப்புக்குப் போடும் பி.சி.ஜி. மருந்தையே பைக்குள் விட்டார்கள்.

சிகரெட்டுக்கும் சலப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று மாமா கேட்டார். புகையின் நஞ்சு ரத்தத்தில் கலக்கிறது, கிட்னி அதை வடித்துவிடுகிறது, அது சலத்தோடு பைக்குள் மணிக்கணக்கில் கிடக்கிறது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த நோய் வருவது புகையால்தான். சாயம், ரப்பர் தொழிற்சாலைகளின் சில இரசாயனங்களும் காரணம்.

பதில், முல்லைத்தீவிலிருந்து:

என் அண்ணாவுக்கு 2009இல் முள்ளந்தண்டில் காயம். அன்றிலிருந்து சலம் போகக் கதீற்றர் குழாய்தான். ரத்தம் வந்தபோது வழமையான கிருமித்தொற்று என்றே விட்டிருப்போம். கிளினிக் டொக்டர் விடவில்லை. வருடக்கணக்கில் குழாய், அடிக்கடி தொற்று, கல் என்று பை புண்பட்டுக்கொண்டே இருந்தால் செதிள்கலப் புற்றுநோய் என்ற வேறு வகை வரக்கூடுமாம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்கு நோவும் தெரியாது. கமரா விட்டுப் பார்த்தார்கள், கல்தான் இருந்தது. எங்கள் பக்கம் இப்படிக் குழாயோடு இருப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பார்க்கிறவர்கள் சலத்தின் நிறத்தையும் கவனியுங்கள்.

மாமாவின் மருமகன்:

அண்ணாவுக்குக் கல்லோடு போனது பெரிய நிம்மதி. மாமாவுக்கு இன்னும் முடியவில்லை, இது திரும்ப வரக்கூடிய நோய். முதலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கமரா பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மரக்கச் செய்யும் ஜெல் விட்டுத்தான் செய்வார்கள், அதனால் பயந்து தவறவிட வேண்டாம். சிகரெட்டை விட்டுவிட்டார்.