முள்ளோடைக்குப் பஸ் ஏறுவது யாருடைய முடிவு?

கெடிலக்கரை:
மைத்துனரைப் பற்றி வீட்டில் பெரிய வாக்குவாதம். வேலை முடிந்ததும் கடலூரில் பாண்டி பஸ் ஏறி முள்ளோடையில் இறங்கிவிடுகிறார். எல்லை தாண்டினால் சரக்கு மலிவு. காலையில் "இனி தொடமாட்டேன்" என்று சத்தியம், சாயங்காலம் மறுபடி அதே பஸ். "மனசு வெச்சா விட முடியாதா?" என்கிறார் அம்மா. மருத்துவம் படிக்கும் உறவுக்காரப் பையனோ, "நாம முடிவெடுக்கிறதுக்கு முன்னாடியே மூளை எடுத்துடுது, நிரூபிச்சாச்சு" என்கிறான். அப்படி என்னதான் நிரூபித்தார்கள்?

முத்தியால்பேட்டை குமரன்:
அந்தத் தம்பி சொல்வது 1983-ல் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட சோதனை. ஒளிப்புள்ளி ஒன்று வட்டத்தில் 2.56 விநாடிக்கு ஒரு சுற்று ஓடும். சோதனைக்கு வந்தவர்கள் எப்போது அசைக்கத் தோன்றுகிறதோ அப்போது மணிக்கட்டை அசைக்கலாம். அப்படித் தோன்றிய கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும். அசைவுக்குச் சுமார் 200 மில்லிவிநாடி முன்பு தோன்றியதாகச் சொன்னார்கள். ஆனால் மூளையின் மின்னழுத்தம் 550 மில்லிவிநாடி முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. 2008-ல் ஜெர்மனியில் ஹேன்ஸ் குழு, இடது பொத்தானா வலது பொத்தானா என்பதை ஸ்கேன் மூலம் பல விநாடிகள் முன்பே கணித்தது. ஆக, "நான் முடிவெடுத்தேன்" என்ற உணர்வு காரியம் தொடங்கிய பிறகு வருவது. உங்கள் மைத்துனரைத் திட்டுவதில் நியாயமே இல்லை.

திலகா டீச்சர் (திருப்பாதிரிப்புலியூர்):
குமரன் தம்பி, பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. ஹேன்ஸ் குழுவின் கணிப்பு சரியாக இருந்தது ஏறக்குறைய 60 சதவீதம். காசு சுண்டிப் போட்டாலே 50 வரும்.

லிபெட் கண்ட மின்னழுத்த ஏற்றத்துக்கும் 2012-ல் ஆரன் ஷூர்கர் வேறு விளக்கம் தந்தார். மூளையில் எப்போதும் ஒரு சலசலப்பு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அது ஓர் எல்லையைத் தொடும்போது கை அசைகிறது. அசைந்த தருணங்களை மட்டும் பொறுக்கி, பின்னோக்கிச் சராசரி எடுத்தால் படிப்படியான ஏற்றம் தெரியத்தான் செய்யும். சில்வர் பீச்சில் உங்கள் காலை நனைத்த அலைகளை மட்டும் கணக்கில் எடுத்தால், எல்லாம் உங்களைக் குறிவைத்தே வந்தது போல இருக்குமே, அந்த மாதிரி.

அதைவிட முக்கியமானது 2019-ல் உரி மாவோஸ் குழு செய்தது. எந்த அறக்கட்டளைக்குப் பணம் போக வேண்டும் என்று உண்மையாகவே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சும்மா பொத்தான் அழுத்தியபோது வந்த அந்த ஏற்றம், யோசித்துத் தேர்ந்தபோது கிட்டத்தட்ட இல்லை. மணிக்கட்டை எப்போது ஆட்டுவது என்பதில் யாருக்கு என்ன அக்கறை? குடியை விடுவதா வேண்டாமா என்பது அந்த வகை முடிவே இல்லை.

முத்தியால்பேட்டை குமரன்:
சரி டீச்சர், லிபெட்டை ஓரம் வைத்துவிடலாம். அமெரிக்காவில் 40 வயது ஆசிரியர் ஒருவருக்குத் திடீரென்று குழந்தைகள் மீது பாலியல் நாட்டம் வந்தது. வலது கண்குழிக்கு மேலே, மூளையின் முன்பகுதியில் கட்டி. எடுத்ததும் நாட்டம் போய்விட்டது. மறுபடி தலைகாட்டியபோது ஸ்கேன் செய்தால் கட்டியும் வளர்ந்திருந்தது. 2003-ல் மருத்துவ இதழில் வந்த விவரம் இது. அவர் "மனசு வைக்காதது" எந்த இடத்தில்? பார்கின்சன் நோய்க்குப் பிரமிபெக்ஸால் மாத்திரை எடுக்கும் சிலர் சூதாட்டப் பைத்தியமாகிறார்கள், மாத்திரையை நிறுத்தினால் தெளிகிறார்கள். கட்டி இருந்தால் நோயாளி, கண்ணுக்குத் தெரியாத வேதியியல் மாற்றம் என்றால் குற்றவாளியா?

பாகூர் வக்கீல்:
சட்டம் இதில் ஒரு கோடு போட்டிருக்கிறது. தான் செய்வது இன்னதென்று அறிய முடியாத மனநிலையில் செய்தால் குற்றமில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 84-ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 22. அடுத்த பிரிவு போதை பற்றியது. ஒருவருக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றிவிட்டால்தான் விலக்கு. தானே குடித்தவருக்கு அது கிடையாது. குமரன் சொல்வதை ஏற்றால் "விருப்பத்துக்கு மாறாக" என்ற சொற்களே பொருளிழந்து போகும். அந்த வித்தியாசம் இல்லாமல் ஒரு வழக்குகூட நடத்த முடியாது.

திலகா டீச்சர்:
கட்டி வந்தவரையும் கட்டி இல்லாதவரையும் குமரன் ஒரே தட்டில் வைக்கிறார். எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. எங்கள் ஊர்ச் சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரில் இருந்த அப்பரைச் சூலை நோய்தான் திருவதிகைக்கு, தமக்கை திலகவதியாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என்கிறது பெரிய புராணம். வயிற்றுவலி காரணம்தான். அதனால் அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க உழவாரம் பிடித்த கை அப்பருடையது இல்லை என்றாகிவிடுமா?

மைத்துனர் விஷயத்துக்கு வருகிறேன். டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை. சாராயம் உடம்பில் அசிட்டால்டிஹைட் என்ற நச்சுப் பொருளாக மாறி, பிறகு கரைய வேண்டும். இந்த மாத்திரை கரையவிடாமல் தடுக்கும். குடித்தால் முகம் சிவந்து, படபடப்பு, வாந்தி. டாக்டர் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும். சாப்பாட்டில் கலந்து ரகசியமாகக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. எடுப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்துத்தான் கொடுப்பார்கள். சாயங்காலம் தன்னால் முடியாது என்று தெரிந்து, காலையிலேயே ஒருவர் தனக்குத்தானே கட்டுப் போட்டுக்கொள்கிறார். நான் சுதந்திரம் என்று சொல்வது இதைத்தான். அதை அளக்க 550 மில்லிவிநாடி போதாது.

கெடிலக்கரை:
டீச்சர், இந்த மாத்திரை பற்றி எங்களிடம் யாரும் சொன்னதே இல்லை. டாக்டரிடம் கேட்கிறேன்.

முத்தியால்பேட்டை குமரன்:
கட்டாயம் கேளுங்கள் அக்கா. ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் என்று வேறொரு மருந்தும் உண்டு, எது பொருந்தும் என்று அவர் சொல்வார். டீச்சர், காலையில் சம்மதிப்பதும் மூளைதான், மாலையில் தடுமாறுவதும் அதே மூளைதான். சம்மதத்தை ஏற்கிறேன், பழியை மட்டும் ஏற்க முடியவில்லை. குடிக்கு அடிமையாகும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபுவழி என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. மீதியில் வளர்ப்பு, நண்பர்கள், பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே கடை.

திலகா டீச்சர்:
அந்தக் கடையை அங்கே வைக்க யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் தம்பி. குடித்தவர் மீது பழி இல்லை என்றால் அவர்கள் மீதும் இல்லையா? அப்புறம் நாம் யாரைப் போய்க் கேள்வி கேட்பது?

முத்தியால்பேட்டை குமரன்:
கேள்வி கேட்கலாம், மனுவும் கொடுக்கலாம், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதிகாரியின் முடிவை மாற்றக்கூடிய காரணங்களில் நம் மனுவும் ஒன்றாகட்டும். அவரைத் தண்டித்தால் எனக்கு என்ன நிறைவு கிடைக்கும் என்பதுதான் புரியவில்லை.

திலகா டீச்சர்:
நிறைவுக்காக யார் கேட்டார்கள்? தெரிந்தே செய்தவர் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.