கள்ளுக் கொக்டெயில் வெடித்த கதை. உங்களுக்கும் இப்படி நடந்ததா?

பனங்கூடல்:
போன பங்குனி, யாழ்ப்பாணத்து மணற்காட்டுக் கடற்கரை. ஐந்து பேர், இரண்டு கூடாரம். எங்களில் ஒருவன் கொழும்பில் ஹோட்டல் பாரில் நின்றவன். கள்ளில் ஒரு கொக்டெயில் போட்டுக் காட்டுகிறேன் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். காலையில் இறக்கிய பனங்கள்ளு, தேசிக்காய்ப்புளி, பனங்கட்டிப் பாணி, இடித்த இஞ்சி எல்லாம் இருந்தன. ஷேக்கர் மட்டும் வீட்டில். சரி, ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அதற்குள் விட்டு, மூடியை இறுக்கி, வெயிலில் மணலில் குத்தி வைத்துவிட்டுக் கடலுக்குப் போனோம்.

வந்து பார்த்தால் போத்தலின் அடி பிதுங்கி, நிற்க முடியாமல் சரிந்து கிடக்கிறது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டும் எடுத்துக் குலுக்கினான்! மூடியில் கை வைத்ததும் 'டப்'. நுரை நேரே என் முகத்துக்கு. கள்ளு, புளி, இஞ்சி, மூன்றும் கண்ணுக்குள். தண்ணீர் தண்ணீர் என்று கத்தினால் ஒருவன் கடல் தண்ணீரை அள்ளி வந்து ஊற்றினான்.

கள்ளு விற்ற தவறணையில் ஒரு ஐயா அப்போதே சொன்னவர்: "தம்பி, மூடியை இறுக்காதையுங்கோ, கள்ளு மூச்சு விடோணும்." நாங்கள் சிரித்தோம். மிஞ்சியது ஆளுக்கு இரண்டு மிடறு. ருசி அருமை. அதுதான் இன்னும் கோபம்.

சாட்டிக்கரை:
உங்களுக்குக் கண்ணோடு போயிற்று. எங்களுக்கு வயிறு. வேலணை சாட்டிக் கடற்கரை. சாராயம், ஜிஞ்சர் பியர், தேசிக்காய், அவ்வளவுதான். ஐஸை மறந்துவிட்டோம். பக்கத்தில் நின்ற மீன் லொறிக்காரரிடம் கேட்டதும் அரைக் கட்டி சும்மா தந்தார். குவளையில் அது உருகிய பிறகுதான் டோர்ச் வெளிச்சத்தில் கண்டேன்: மேலே ஒரு மீன் செதில், மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மச்சானுக்குச் சொல்வோமா, விடுவோமா? அவன் ஏற்கெனவே இரண்டாவது குவளையில். சொல்லவில்லை. விடியும்வரை பற்றைக்கும் கூடாரத்துக்குமாக நடந்தான். முதல் நாள் சாப்பிட்ட றோல்ஸில்தான் பிழை என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறான்.

நெடுந்தீவான்:
நாங்கள் குறிகட்டுவானில் படகேறும்போதே பாணிப் போத்தல் உடைந்து, தீவில் இரவு முழுக்க எறும்போடு படுத்தோம். அது கிடக்கட்டும்.

பனங்கூடல், கள்ளு பிளாவில், அதாவது பனையோலைக் குவளையில், குடிக்கிற சாமான். அதற்குள் புளியும் இஞ்சியும் விட்டது முதல் குற்றம். கள்ளு மரத்தில் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். அதிலுள்ள மதுவம் (ஈஸ்ட்) சீனியைத் தின்று மதுசாரமும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. வெயில் அதை முடுக்கிவிடும். நீங்கள் பனங்கட்டியும் போட்டு இன்னும் தீனி கொடுத்திருக்கிறீர்கள்! கலக்கத்தான் வேண்டுமென்றால் கருப்பநீர், அதாவது புளிக்காத பதநீர், எடுங்கள். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி இறக்குவதால் அது இலேசில் புளிக்காது. நன்றாக வடித்து, குடிக்கிற நேரத்தில் சாராயத்தைச் சேருங்கள். குலுக்கவே தேவையில்லை, கரண்டியால் இரண்டு சுற்று போதும்.

சாட்டிக்கரை, மீன் ஐஸ் குவளைக்குள் போடுகிற ஐஸ் இல்லை. ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் அதைப் போட்டு, ஒரு கை உப்புத் தூவி, போத்தலை நடுவில் புதையுங்கள். உப்பு சேர்ந்தால் பூச்சியத்துக்கும் கீழே குளிரும். குடிக்கிற ஐஸை வீட்டில் பெரிய கிண்ணத்தில் உறைய வைத்துக் கட்டியாகவே கொண்டு போங்கள், பொடித்தால் உடனே கரைந்துவிடும். கண்ணாடிக் குவளை வேண்டாம், மணலில் உடைந்தால் பொறுக்க முடியாது. குடித்துவிட்டுக் கடலில் இறங்கவும் வேண்டாம்.

சாட்டிக்கரை:
அண்ணை, உங்கள் கதை ஒரு வரி, புத்திமதி ஒரு பக்கம். எறும்புக் கதையைச் சொல்லுங்கோ.

காண்டாவனம்:
எங்களுக்கு வெடிக்கவுமில்லை, வயிற்றாலும் போகவில்லை. நிலவில் குடிக்க வேண்டுமென்று நாள் பார்த்துக் காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்குப் போனோம். ஷேக்கர், வடி, அளவுக் குவளை எல்லாம் இருந்தது. முழு நிலவென்றால் போயா விடுமுறை, நாடு முழுக்கச் சாராயக் கடை பூட்டு என்பது காரைநகர்ப் பாலம் தாண்டிய பிறகுதான் ஒருவருக்கு ஞாபகம் வந்தது. நெல்லி ரசத்தை இளநீரில் விட்டு, உப்பும் கீறின பச்சை மிளகாயும் போட்டு, அந்தப் பளபளப்பான ஷேக்கரில் சடங்குபோலக் குலுக்கினோம். நன்றாகத்தான் இருந்தது. காலையில் பைகளை அடுக்கும்போது சித்தப்பாவின் பைக்குள் சாராயம் தீர்ந்த வெற்று அரைப் போத்தல் ஒன்று கிடந்தது. இரவு முழுக்க எங்களோடு இருந்து நெல்லி ரசத்தைக் குடித்து "அருமை, அருமை" என்றவர் அவர்.

பனங்கூடல்:
நெடுந்தீவான் அண்ணை, பாணியைக் கூடுதலாக விடச் சொன்னது நான். மூடியை இறுக்கியதும் நான்தான். பார் வேலைக்காரன் இன்னும் தன்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறான்.