143-ஆவது டர்னில் உறைந்துபோன கேம்பெய்ன்: அடுத்த பேட்ச்சுக்குக் காத்திருக்கலாமா?

யானைப்படை:

வெளியான அன்றே முழு விலை கொடுத்து வாங்கிய கேம் இது. பெயர் வேண்டாம். சொன்னால் அந்த நிறுவனத்தைத் திட்டுகிறவர்களும் தாங்குகிறவர்களும் திரியை நிரப்பிவிடுவார்கள், என் கேள்வி அப்படியே கிடக்கும். இடைக்கால ஐரோப்பா, டர்ன் டர்னாக (ஒவ்வொரு நாடும் தன் முறை வரும்போது) நகரும் வரைபடம், போர் மட்டும் நேரடியாக நடக்கும், அந்த வகை.

டர்னை முடித்ததும் மற்ற நாடுகளின் கொடிகள் ஒவ்வொன்றாக வந்து போகும் இல்லையா, அதில் ஒரு சின்னக் கடலோரக் குடியரசின் கொடி வந்ததும் அப்படியே உறைந்துவிடுகிறது. முதல் தடவை அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன், நகரவில்லை. கேம் தானாகச் சேமித்துவைத்த ஆட்டோசேவில் பத்து டர்ன் பின்னால் போய் மறுபடி ஆடினேன், 145-இல் அதே கொடியில் அதே கதை. இந்த ஒரே நீண்ட ஆட்டத்தில், அதாவது கேம்பெய்னில், 61 மணி நேரம் போயிருக்கிறது. வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் சேர்த்த 61 மணி நேரம்.

முற்றுகையும் சரியில்லை. எதிரி ஏணியைத் தூக்கிக்கொண்டு மதிலடி வரை வருகிறான், ஏறாமல் நிற்கிறான், என் வில்லாளிகள் மேலேயிருந்து அம்பு தீரும்வரை அடிக்கிறார்கள். அப்படிக் காப்பாற்றிய கோட்டையில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

இதுவரை மூன்று பேட்ச் (பிழை திருத்தும் அப்டேட்) வந்துவிட்டது. மூன்றாவது 17 ஜிபி, மொபைல் டேட்டாவில் இரண்டு இரவு ஓடியது, குறிப்பில் "நிலைத்தன்மை மேம்பாடு" என்று ஒரே வரி. நான்காவது அடுத்த வாரம் என்று மூன்று வாரமாகச் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா, விட்டுவிடலாமா? பேட்ச் வந்தால் இந்த சேவ் பிழைக்குமா, இல்லை முதலிலிருந்துதானா?

—

பழைய லெஜியன்:

காத்திருங்கள் என்றுதான் சொல்வேன். டோட்டல் வார்: ரோம் 2 ஞாபகம் இருக்கிறதா? 2013 செப்டம்பர் 3-இல் வந்தது. வரைபடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பிரிவுகள் (நாடுகளும் குலங்களும்) இருந்ததால் டர்னை முடித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள். முற்றுகையில் ஏஐ, அதாவது எதிரிகளை ஆட்டுவிக்கும் கணினி, குழம்பி நின்றது, திறந்தவெளிச் சண்டையில்கூட ஓர் இடத்தைப் பிடித்தால் வெற்றி என்ற விதி இருந்தது, அதை அப்புறம் பேட்ச்சில் எடுத்தார்கள். சில நாளிலேயே அதைச் செய்த கிரியேட்டிவ் அசெம்ப்ளி நிறுவனத்தின் மைக் சிம்சன் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒரு பேட்ச் வரத் தொடங்கியது. ஒரு வருஷம் கழித்து, 2014 செப்டம்பரில், எம்பரர் எடிஷன் என்ற திருத்திய பதிப்பு வந்தபோது ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அது இலவசம். முதல் நாளிலிருந்து ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்த குடும்ப மரம் 2018-இல் வந்தது. 2018! கேம் வெளியாகி ஐந்தாவது வருஷம்.

நான் 2015-இல்தான் அதைத் தொட்டேன், இன்றைக்கும் கணினியில் இருக்கிறது. கார்த்தேஜை வைத்து ஆடிய ஒரு கேம்பெய்னை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. அதனால்தான் இந்த வகை கேமை முதல் மாதத்தை வைத்து எழுதித் தள்ளிவிடாதீர்கள் என்கிறேன்.

—

கடல்வழி:

பழைய லெஜியன் சொன்னது உண்மைதான், ஆனால் அது நன்றாக முடிந்த கதை. இம்பரேட்டர்: ரோம் என்ற வியூக கேம் 2019 ஏப்ரல் 25-இல் வந்தது. வெளியானபோது ஏமாற்றம்தான். ஆனாலும் விடாமல் திருத்தினார்கள், 2021 பிப்ரவரியில் வந்த 2.0 கேமையே மாற்றிப்போட்டது, திட்டியவர்களே பாராட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து, அந்த ஏப்ரலில், வேலையை நிறுத்திவைப்பதாக அறிவிப்பு. ஆக நல்ல பேட்ச் வந்தாலும் கேம் பிழைக்கும் என்று சொல்ல முடியாது, வருகிற நேரத்துக்குள் ஆட்கள் போய்விட்டால் அவ்வளவுதான்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: உடைந்ததைச் சரிசெய்யும் முன் புதிதாக எதையாவது விற்கிறார்களா? நகரம் கட்டும் கேமான சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2 வெளியானது 2023 அக்டோபர் 24. எதிர்பார்த்த வேகத்தை இன்னும் எட்டவில்லை என்று வெளியீட்டுக்கு முன்னரே அவர்களே சொல்லியிருந்தார்கள், அதில் நேர்மை இருந்தது. நகரவாசிகளின் பல்வரிசைகூட முழு நுணுக்கத்தோடு செய்யப்பட்டிருந்தது, தூரத்தில் எறும்பு மாதிரி தெரியும்போதும் அந்த உருவங்கள் எளிமையாகவில்லை என்பது அப்போது பெரிய பேச்சு. அதெல்லாம் திருத்தக்கூடியதுதான். ஆனால் 2024 மார்ச்சில் பீச் ப்ராப்பர்ட்டீஸ் என்ற டிஎல்சியை, அதாவது கேமுக்கான கூடுதல் தொகுப்பை, காசுக்கு விட்டார்கள் பாருங்கள், பொறுமையாக இருந்தவர்களும் அங்கேதான் கொதித்தார்கள். ஏப்ரலில் மன்னிப்புக் கடிதம் வந்தது, அந்த டிஎல்சியையும் இலவசமாக்கினார்கள், பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள்.

உங்கள் கேமுக்கு டிஎல்சி அறிவிப்பு வந்துவிட்டதா? வந்திருந்தால் நான் என்றால் மூடிவைத்துவிடுவேன்.

பணத்தைப் பற்றி நீங்கள் பேசவில்லை, பேசியும் பயனில்லை. ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால்தான் கேள்வி கேட்காமல் தருவார்கள். துப்பாக்கிச் சண்டை கேம் என்றால் இரண்டு மணி நேரத்தில் லட்சணம் தெரிந்துவிடும். நம் வகையில் இரண்டு மணி நேரத்துக்கு டுடோரியல் தாண்டி முதல் கோட்டை பிடிப்பதே கஷ்டம், வியூக கேமில் பிரச்சினை வருவது ஐம்பதாவது மணி நேரத்தில். அந்த விதி நமக்காக எழுதப்பட்டதே இல்லை, இது எனக்கு ரொம்ப நாளாக உள்ள கோபம்.

—

நெல்வயல்:

நான் எந்த வியூக கேமையும் ஒரு வருஷம் கழித்துத்தான் வாங்குகிறேன். விலையும் பாதி, மனசும் நிம்மதி.

—

பிழைதேடி:

சோதனை வேலையில் இருக்கிறேன், கேம் துறையில் இல்லை, ஆனாலும் இந்த மாதிரிப் பிழையோடு தினமும் பழகுகிறேன்.

143-ஆவது டர்னில் வருவது ஏன் வெளியாகும் முன் பிடிபடவில்லை என்றால், அந்த நிலைக்கு உங்கள் கேம் வந்த வழியில் வேறு யாரும் வரவில்லை. முப்பது நாடு, ஒவ்வொன்றுக்கும் படை, கப்பல், கடன், திருமணம், எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நூறு டர்ன் ஓடியபின் யாரும் யோசிக்காத ஒரு சேர்க்கை உருவாகிறது. ஏஐக்கு எதிராக ஏஐயை இரவு முழுக்க ஓடவிட்டுச் சோதிக்கலாம், ஆனால் ஏஐ மனிதர் மாதிரி ஆடாது. நீங்கள் செய்கிற விசித்திரத்தை அது செய்யாது.

எப்போதும் ஒரே கொடியில் நிற்கிறது என்றீர்கள், அது பெரிய துப்பு. பெரும்பாலும் அந்த நாட்டின் ஏஐ ஏதோ ஒரு முடிவுக்கு வரமுடியாமல் சுற்றிச்சுற்றி வருகிறது. ஊகம்தான், ஆனால் சோதித்துப் பார்க்கலாம். உறைவதற்கு முந்தைய ஒன்றிரண்டு டர்னில் அந்தக் குடியரசுக்கு என்ன நடந்தது? இரண்டு தடவையும் பொதுவாக நடந்தது எது? அதைத் தவிர்த்து ஒரு தடவை ஆடிப் பாருங்கள்.

சேவ் பிழைக்குமா என்பதற்கு: பொதுவாக சேவில் இருப்பது உங்கள் உலகத்தின் நிலை. யார் எங்கே, யாரிடம் எவ்வளவு பணம், அந்த மாதிரி. ஏஐ எப்படி யோசிக்கிறது என்பது கேமின் நிரலில் இருக்கிறது. அதனால் யோசனையைத் திருத்தும் பேட்ச் பழைய சேவிலும் வேலை செய்யும், உங்கள் ஏணிப் பிரச்சினை அப்படித்தான் தீரும். ஆனால் உலகத்துக்குள்ளேயே ஏதாவது கெட்டுப்போயிருந்தால், உதாரணமாக இல்லாத இடத்தில் ஒரு படை பதிவாகியிருந்தால், அதை எந்தப் பேட்ச்சும் தானாகத் துடைக்காது, அதற்கென்று தனியாக எழுதினால்தான் உண்டு.

இப்போதே செய்யவேண்டியது, சேவ் கோப்புகளை வேறு இடத்தில் பிரதி எடுத்துவையுங்கள், இன்றைக்கே. ஸ்டீமில் அந்த கேமை, திறக்கும்போது மட்டும் அப்டேட் ஆகும்படி மாற்றுங்கள். பண்புகளில் பீட்டாஸ் என்ற பகுதியில் பழைய பதிப்பை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், சில நிறுவனங்கள் வைத்திருப்பார்கள், அப்படியென்றால் நடுவில் இருக்கும் கேம்பெய்னை அதே பதிப்பிலேயே முடித்துவிடலாம்.

அப்புறம் முக்கியமாக, உறைவதற்கு முந்தைய சேவை அவர்களுக்கு அனுப்புங்கள். "கேம் நிற்கிறது" என்று ஆயிரம் பேர் எழுதுவதைவிட, திறந்து ஒரு பொத்தானை அழுத்தினால் உடனே உறையும் ஒரு சேவ் போதும். எங்கள் வேலையில் மறுபடி வரவைக்க முடியாத பிழைதான் வருஷக்கணக்கில் கிடக்கும். நெல்வயல் சொல்வது அவருக்குச் சரி, நான் குறை சொல்லவில்லை, ஆனால் முதல் மாதம் ஆடுகிறவர்கள் அனுப்பும் சேவ்தான் அவர் வாங்கும்போது கேமை ஆடத்தக்கதாக ஆக்குகிறது.

—

யானைப்படை:

பிழைதேடி, நீங்கள் கேட்ட கேள்விக்கு பதில் கிடைத்துவிட்டது. 142-இல் அந்தக் குடியரசின் கடைசி நகரைப் பிடித்தது நான்தான். மறுபடி ஆடியபோது 144-இல் பிடித்தேன். இரண்டு தடவையும் அவர்கள் படை கப்பலில், நடுக்கடலில் இருந்தது. அடுத்த டர்னிலேயே உறைவு. இறங்க அவர்களுக்குச் சொந்தத் துறைமுகமே இல்லை, அதைத் தேடித்தான் ஏஐ சுற்றிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

நேற்று இரவு 141-இலிருந்து தொடங்கி, நகரைப் பிடிப்பதற்கு முன்னால் என்னிடம் இருந்த ஒரு தீவு ஊரை ஒப்பந்தம் போட்டு அவர்களுக்குக் கொடுத்தேன். அப்புறம் நகரைப் பிடித்தேன். டர்னை முடித்தேன். அந்தக் கொடி வந்தது, இரண்டு விநாடி நின்றது, போய்விட்டது. அந்த நேரத்தில் வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், இல்லாவிட்டால் கத்தியிருப்பேன்.

உறைகிற சேவ், உறையாத சேவ், இரண்டையும் விளக்கத்தோடு அனுப்பிவிட்டேன். கடல்வழி, டிஎல்சி அறிவிப்பு இதுவரை இல்லை. இப்போது 152-இல் இருக்கிறேன். ஏணி இன்னும் மதிலடியில்தான், அதனால் எதிரி வந்தால் கோட்டையை விட்டு வெளியே வந்து வயலில்தான் சண்டை போடுகிறேன். நேற்று அப்படிப் போட்டதில் பாதிப் படை போய்விட்டது, ஆனால் அது நான் தோற்றிருக்கக்கூடிய சண்டை.