தேயிலைக் குழுவில் தேயிலையைத் தவிர எல்லாம் வருகிறது, என்ன செய்யலாம்?

கோத்தகிரி கொழுந்து:
எங்கள் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகளுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன். ஆரம்பித்தது இரண்டே விஷயத்துக்குத்தான், பச்சைத் தேயிலை விலை, அப்புறம் செடிக்கு வரும் நோய். இப்போது திறந்தால் ரோஜாப்பூ காலை வணக்கம், கட்சி வீடியோ, மனை விளம்பரம், காதுகுத்து அழைப்பிதழ். போன மழையில் ஒரு அக்கா கொழுந்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். இலையின் மேல்பக்கம் வெளிறிய வட்டமாகக் குழிந்து, அடிப்பக்கம் வெள்ளையாக உப்பியிருந்தது, கொப்புள நோய் என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம். ஆனால் அதற்குள் தேர்தல் சண்டை ஒன்று ஓடி அந்தப் படம் எங்கேயோ போய்விட்டது, ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஈரக்காற்றில் அது பக்கத்துச் செடிக்கு எப்படித் தாவும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். குழுவில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள், வயதில் பெரியவர்கள், எல்லோர் முன்னாலும் "இதைப் போடாதீங்க" என்று எப்படிச் சொல்வது? பேசாமல் அட்மின் மட்டும் பதிவு போடும்படி மாற்றிவிடலாமா?

பூம்பாறை பூண்டு:
அதை மட்டும் செய்யாதீர்கள் தம்பி. கொடைக்கானல் மலையில் எங்கள் பூண்டுக் குழுவில் அப்படி மாற்றியதும் சத்தம் அடங்கியது உண்மை, கூடவே கேள்வியும் நின்றுபோனது. அட்மினுக்குத் தெரிந்தது மட்டும்தான் வந்தது. விதைப்பூண்டை எந்தப் பதத்தில் எடுத்து வைப்பது, வடுகபட்டி சந்தையில் இன்று என்ன விலை என்று கேட்கிற ஆள் வேறு எங்கே போவார்?

எங்களுக்குக் கைகொடுத்தது ஒரே விதி, இரட்டை அம்புக்குறியோடு வருவது எதுவும் குழுவில் நிற்காது. ஐந்து கையோ அதற்கு மேலோ மாறி வந்த செய்திக்குத்தான் வாட்ஸ்அப் அந்தக் குறியைப் போடுகிறது. அதைப் பார்த்து நீக்கினால் பெரியவர் சின்னவர், இந்தக் கட்சி அந்தக் கட்சி என்ற பேச்சே எழாது. பெரியவர்களிடம் குழுவில் எதுவும் சொல்ல வேண்டாம், போன் போட்டுப் பேசுங்கள். "மாமா, நீங்க செடியை வெட்டிக் கவாத்து பண்ணின வருஷம் என்ன உரம் போட்டீங்க, அதைக் கொஞ்சம் குரல் பதிவா போடுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் வேறு பேச்சு இல்லாததால்தான் பூப்படம் அனுப்புகிறார்கள் என்பது என் எண்ணம்.

குந்தா மலைக்காரன்:
அம்புக்குறி விதி சரி. ஆனால் "தேயிலை மட்டும்" என்று கறாராக எழுதி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விடியற்காலையில் தோட்டத்தில் கரடி நிற்கிறது, காட்டெருமை இறங்கியிருக்கிறது என்ற செய்தி தேயிலைப் பேச்சா இல்லையா? பறிக்கப் போகும் பெண்களுக்கு விலையை விட அதுதான் முதலில் தெரிய வேண்டும். மண் சரிந்து சாலை மூடினால் இலை வண்டி வராது, பறித்த இலை சாக்கிலேயே சூடேறிச் சிவந்துபோகும், அதுவும் குழுவுக்கு வேண்டிய செய்திதான். இலையைப் பறித்துத் தொழிற்சாலைக்குக் கொண்டு சேர்ப்பதைத் தொடுகிற எதுவும் உள்ளே, மற்றது வெளியே, இப்படி எழுதிப் பாருங்கள்.

சாவுச் செய்தியைத் தடுக்காதீர்கள் தயவுசெய்து. மலையில் ஒரு ஊரில் இழவு என்றால் சுற்றியுள்ள ஊரெல்லாம் போக வேண்டும், அதை நீக்கினால் மனஸ்தாபம் தலைமுறைக்கும் நிற்கும். கம்யூனிட்டி என்ற வசதியில் ஒரே குடையின் கீழ் இரண்டு குழு வைக்கலாம், இலைக்கு ஒன்று, ஊர்ச் செய்திக்கு ஒன்று. நல்லது கெட்டது எல்லாம் அங்கே போகட்டும்.

குன்னூர் அக்கா:
விலையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் குழுவில் பெரிய தொல்லையே தேதி இல்லாத விலைப் பதிவுதான், எந்த மாதத்து விலையோ, அதை நம்பி இலை வாங்கும் ஏஜென்டிடம் போய்ச் சண்டை போடுகிறார்கள். மாதமும் ஆண்டும் இல்லாத விலையை உடனே எடுத்துவிடுங்கள், யார் போட்டதையும் எல்லோருக்குமாக நீக்க அட்மினால் முடியும். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலையைக் குழுவின் மேலே பின் (pin) செய்து வையுங்கள், 30 நாள் வரை நிற்கும், அடுத்த மாத விலை வரும் வரைக்கும் ஏறக்குறைய சரியாக இருக்கும். தானாக மறையும் செய்தி வசதி போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள், போன வருடம் மருந்து அடித்த அளவைத் தேடுகிறவருக்கு அது கிடைக்க வேண்டும்.

கோத்தகிரி கொழுந்து:
எல்லோருக்கும் நன்றி. கரடி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா, விதியை நீங்கள் சொன்னபடியே எழுதுகிறேன். மனை விளம்பரக்காரரை என்ன செய்வது? அவரும் தேயிலைத் தோட்டத்தைத்தானே விற்கிறேன் என்கிறார்.

குந்தா மலைக்காரன்:
தோட்டத்தை விற்பது இலையைக் கொண்டு சேர்ப்பதில் வராது. ஒரு முறை தனியாகச் சொல்லுங்கள், மறுபடி போட்டால் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். நாற்று, கவாத்துக் கத்தி, பழைய மருந்துத் தெளிப்பான் விற்பவர்களுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை இடம் கொடுங்கள்.