ஐசிங்குக்குத் தமிழ்ச் சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

கோத்தகிரி, திங்கள்

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். எங்கள் மகளிர் குழுவில் வீட்டுப் பிறந்தநாள் கேக் அலங்கரிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கேக் மேல் பூசவும் எழுதவும் பயன்படும் சர்க்கரைக் கலவையான ஐசிங்கில் வந்து நின்றுவிட்டேன். போன முறை "பனிப்பூச்சு" என்று போட்டிருந்தேன். தேயிலை பறிக்கும் அக்கா ஒருவர் முகம் சுளித்தார். "உறைபனி விழுந்தா கொழுந்து கருகிப்போகுது. பேரன் கேக்குக்கு அந்தப் பேரா?" என்றார். அவர் சொன்னது சரிதான். சர்க்கரையின் வெண்மையில் ஆங்கிலக்காரர்கள் பனியைப் பார்த்தார்கள். நாம் ஏன் அதையே பார்க்க வேண்டும்?

குன்னூர், திங்கள் மாலை

அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது: தொய்யில். சங்க காலத்துப் பெண்கள் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பால் எழுதிய கோலம் அது. கரும்பு உருவத்தைத் தொய்யிலாக எழுதுவதைக் கலித்தொகை பேசுகிறது. சர்க்கரையால் எழுதும் கோலத்துக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? வேரையும் பாருங்கள். தொய்தல் என்றால் உழுதல். மலைச்சரிவில் உழாமல் விதைப்பதைத் "தொய்யாது வித்திய" என்கிறது மலைபடுகடாம். பற்கள் வைத்த நாசில் (ஐசிங் பிழியும் பையின் முனைக் குழல்) கேக்கின் மேல் வரிவரியாகச் சால் ஓட்டிக்கொண்டு போவதைக் கவனித்திருக்கிறீர்களா? அது உழவேதான்.

கொடைக்கானல், செவ்வாய்

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்று தொய்வு என்றால் தளர்ச்சி. கீழே பெரியகுளத்துக்கு கேக் கொண்டுபோகும்போது நான் பயப்படுவதே அதற்குத்தான். இங்கே கல்லாக நிற்கிற வெண்ணெய், மலை இறங்கினால் தொய்ந்து வழியும். அந்த ஆபத்தின் பெயரையே பொருளுக்கும் வைக்கலாமா? ஐசிங் என்றே இருக்கட்டும். வேறு நிலத்திலிருந்து வந்த சொல்லான திசைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் இடம் விட்டிருக்கிறாரே.

அப்புறம் கையேட்டில் மறக்காமல் சேருங்கள்: நம் உயரத்தில் பேக்கிங் பவுடரைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கேக் சட்டென்று எழும்பி நடுவில் அமுங்கிவிடும்.

குன்னூர், செவ்வாய் இரவு

தொல்காப்பியர் சொன்ன திசைச்சொல் செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்துச் சொல். கடல் கடந்து வந்ததெல்லாம் அதில் அடங்காது.

உதகை, புதன்

கோயில் கோபுரத்தில் சுண்ணாம்புச் சாந்தால் செய்த பொம்மைகளைச் சுதை என்கிறோம். சுதைக்கு அமுது என்றும் பொருள் உண்டு. பூச்சு, இனிப்பு இரண்டுமே ஒரே சொல்லில் வருகிறதே என்று மகிழ்ந்தேன். ஆனால் வடசொல் என்று ஐயா தள்ளிவிடுவார். எனவே இன்னொன்று: தீற்றல். சுவருக்குச் சுண்ணாம்பு தீற்றுகிறோம். தீற்றுதல் என்றால் ஊட்டுதல் என்றும் பொருள். கேக்கை வெட்டியதும் முதல் துண்டை வீட்டார் வாயில் ஊட்டுகிறோம் அல்லவா? வெண்ணெய்த் தீற்றல், வெண்கருத் தீற்றல் என்று வகையும் பிரிக்கலாம்.

கோத்தகிரி, வியாழன்

நேற்று வகுப்பில் எல்லாச் சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். கூடவே என் மாமனாரின் எழுபதாம் பிறந்தநாள் கேக்கையும் அங்கேயே முடித்தேன். 250 கிராம் வெண்ணெய்க்கு 500 கிராம் பொடித்த சர்க்கரை. குளிரில் வெண்ணெய் அசையவே இல்லை. கிண்ணத்தை வெந்நீர் ஆவியில் சிறிது காட்டிக் காட்டி அடித்த பிறகுதான் வெளுத்துப் பஞ்சானது. கத்தியை வெந்நீரில் தோய்த்துத் துடைத்து, சுற்றிலும் வழித்துச் சமமாக்கினேன். பால் பாக்கெட்டைக் கழுவி, முனையைக் கத்தரித்து "அப்பா" என்று எழுதினேன். "ப்" மேல் வைத்த புள்ளி பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது. "அபபா" என்று நின்றது. பக்கத்தில் இருந்த பெண், "அக்கா, அழுத்துறதை நிறுத்திட்டுத் தூக்குங்க, முறுக்கு பிழியற மாதிரி" என்றார். புள்ளி நின்றது.

அவர் வாயில் பிழிதல் தானாக வந்தது. பூசுவதைப் பூச்சு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தீற்றல் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் இரண்டு பேர் அதைக் கீற்றல் என்று படித்தார்கள். மெழுகலையும் முயன்றேன், அது மெழுகுவர்த்தியோடு குழம்புகிறது. எனவே பரப்புவது பூச்சு, எழுதுவது பிழிவு, நாசில் அச்சு. முதல் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ஐசிங். சரியா?

கொடைக்கானல், வியாழன்

சரி. பிழிவு நல்ல சொல்.

உதகை, வியாழன்

தீற்றல் போனதில் வருத்தம்தான். இருந்தாலும் அச்சுக்கு அனுப்புங்கள்.

குன்னூர், வியாழன் இரவு

சுவருக்கும் பூச்சு, நகத்துக்கும் பூச்சு, கேக்குக்கும் பூச்சு. ஒரு கலைச்சொல் இத்தனை பொதுவாக இருக்கக் கூடாது. நான் ஒப்பவில்லை. பெயர் எழுதும் பக்கத்தின் தலைப்பிலாவது தொய்யில் என்று போட முடியுமா? ஞாயிற்றுக்கிழமை என் பேத்திக்கு ஏழு வயது நிறைகிறது. அவளுக்கு அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும்.